ஆயுள் வேறு, எல்லை வேறு: சி மொழியில் ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல் வந்த வழி

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மட்டுமில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பொறியியல் கல்லூரியில் படித்தவரிடமும் சி மொழியில் ‘ஸ்டோரேஜ் கிளாஸ்’ எத்தனை என்று கேட்டுப் பாருங்க. யோசிக்காம நாலு பேரைச் சொல்வாங்க: ஆட்டோ, ரெஜிஸ்டர், ஸ்டாட்டிக், எக்ஸ்டெர்ன். நாலு வரிசை, நாலு பத்தி கொண்ட ஓர் அட்டவணை. எங்கே இருக்கும், தொடக்க மதிப்பு என்ன, ஸ்கோப் என்ன, ஆயுள் எவ்வளவு. தேர்வுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி மறுநாள் எழுதிவிட்டு வருகிற அட்டவணை அது.

அதில் தப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த பல பேருக்கு ஒரு கேள்வி தொண்டையில் நிற்கும். ஃபங்ஷனுக்குள் ‘ஸ்டாட்டிக்’ போட்டால் அந்த வேரியபிளின் ஆயுள் நீள்கிறது. ஃபங்ஷனுக்கு வெளியே அதே ‘ஸ்டாட்டிக்’ போட்டால் ஆயுள் நீளவில்லை, அது ஏற்கெனவே நீளமானதுதான். அதற்குப் பதில் அந்தப் பெயர் வெளியே தெரியும் தூரம் சுருங்குகிறது. ஒரே சொல், ஓரிடத்தில் ஒன்றை நீட்டுகிறது, இன்னோரிடத்தில் வேறொன்றைச் சுருக்குகிறது. இது என்ன கணக்கு?

அட்டவணையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. வரலாற்றைப் பார்த்தால் கிடைக்கும். அந்த வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதிவைக்கிறேன். முதலில், இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். அதற்கு விழுப்புரம் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று கல்லில் இருக்கிறது.

எண்ணாயிரத்துக் கல்வெட்டு

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அங்கே ஒரு பெரிய கல்விச்சாலை நடந்தது. கோயில் கல்வெட்டு அதன் கணக்கைத் தருகிறது: 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், செலவுக்கு 45 வேலி நிலம். எந்த வேதத்துக்கு எத்தனை பேர், இலக்கணத்துக்கு எத்தனை பேர், ஒருவருக்கு நாளுக்கு எவ்வளவு நெல் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதில் மூன்று வகைப் பொருள்கள் இருப்பதைக் கவனியுங்க. ஒரு மாணவனுக்கு அன்றன்று அளக்கப்படும் நெல்: இன்று வந்து இன்றே தீர்ந்துவிடும், நாளைக்கு வேறு நெல். அறக்கட்டளையின் நிலமும் களஞ்சியமும்: மாணவர்கள் வருவார்கள், படிப்பு முடிந்து போவார்கள், இது மட்டும் நிற்கும். மூன்றாவது, கல்லில் வெட்டிய கணக்கு: தொடங்கும்போது இது இவ்வளவு என்று முன்கூட்டியே குறித்தது.

முதலாவது ஆட்டோ. இரண்டாவது ஸ்டாட்டிக். மூன்றாவது, அந்த ஸ்டாட்டிக்குக்குக் கொடுக்கும் தொடக்க மதிப்பு.

தமிழ்க் கல்வெட்டுகளில் கொடை எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல ‘சந்திராதித்தவல்’ என்று போடுவார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை. இது ஆயுள். அந்தக் கொடையை யார் எடுத்தாளலாம் என்பது தனிக் கேள்வி. கொடை சந்திர சூரியர் உள்ளவரை என்பதால் நாட்டிலுள்ள எல்லாரும் அதில் கைவைக்கலாம் என்று ஆகாது. குறிப்பிட்ட ஊர்ச் சபை, குறிப்பிட்ட கோயில், அவ்ளோதான். ஆயுள் மிக நீளம், எல்லை மிகக் குறுகல். இரண்டும் ஒரே பொருளில் நிம்மதியாகச் சேர்ந்திருக்கின்றன.

சி மொழியில் ஃபங்ஷனுக்குள் எழுதும் ஸ்டாட்டிக் வேரியபிள் இதுதான். புரோகிராம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அது உயிரோடு இருக்கும். ஆனால் அதன் பெயர் அந்த ஒரு ஃபங்ஷனுக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் அது எழுதப்பட்ட பிளாக்குக்கு மட்டுமே தெரியும். ஆயுளை ‘ஸ்டோரேஜ் டியூரேஷன்’ என்கிறோம், பெயர் தெரியும் எல்லையை ‘ஸ்கோப்’ என்கிறோம். பெயர் தெரியாத இடத்திலும் பொருள் இருந்துகொண்டுதான் இருக்கும். அதன் முகவரியை ஒரு பாயின்டரில் எடுத்துக்கொடுத்தால் வெளியிலிருந்தும் அதைத் தொடலாம்.

அல்கோலின் ‘ஓன்’

இந்தச் சிக்கலை முதலில் நேராகச் சந்தித்தது அல்கோல் 60. 1960 ஜனவரியில் பாரிஸில் 13 பேர் கூடி முடிவுசெய்த மொழி. அறிக்கையைத் தொகுத்தவர் பீட்டர் நவுர். அல்கோலின் பெரிய புதுமை பிளாக். ஒரு பிளாக்குக்குள் அறிவித்த வேரியபிள் அந்த பிளாக்குக்குள் நுழையும்போது பிறக்கும், வெளியேறும்போது மறையும். அழகான ஒழுங்கு. ஆனால் உடனே ஒரு தேவை எழுகிறது.

ரேண்டம் எண் தரும் ஒரு செயல்முறையை எடுத்துக்குங்க. போன தடவை கொடுத்த எண்ணை அது ஞாபகம் வைத்திருந்தால்தான் அடுத்த எண்ணைக் கணக்கிட முடியும். பிளாக்குக்குள் வைத்தால் வெளியே வந்ததும் மறந்துவிடும். வெளியே வைத்தால் யார் வேண்டுமானாலும் கெடுத்துவிடலாம். இதற்கு அல்கோல் கொடுத்த சொல் ‘ஓன்’. ‘ஓன்’ என்று அறிவித்தால் எல்லை பிளாக்குக்குள்ளேயே இருக்கும், ஆனால் திரும்ப உள்ளே வரும்போது போனமுறை விட்ட மதிப்பு அப்படியே இருக்கும். ஆயுளையும் எல்லையையும் பிரித்த முதல் சொற்களில் ஒன்று இது.

நல்ல யோசனை. ஆனால் இரண்டு ஓட்டைகள். முதலாவது, போனமுறை விட்ட மதிப்பு சரி. முதல்முறை உள்ளே வரும்போது என்ன மதிப்பு? 1960 அறிக்கை அதைச் சொல்ல வழியே வைக்கவில்லை. ரேண்டம் எண் எழுதுபவருக்கு முதல் விதையை எங்கே வைப்பது என்று தெரியாது. இரண்டாவது, அல்கோலில் ஓட்டத்தின்போது அளவு மாறும் அர்ரே உண்டு, தன்னைத்தானே அழைக்கும் ரெகர்ஷனும் உண்டு. ஒவ்வொரு தடவையும் அளவு மாறுகிற ஓர் அர்ரே ‘ஓன்’ ஆகவும் இருந்தால் பழைய மதிப்பில் எது நிற்கும், எது போகும்? ரெகர்ஷனில் எல்லா அழைப்புக்கும் ஒரே பிரதியா, தனித்தனியா? 1967இல் டொனால்ட் குனூத் அல்கோல் 60இல் தீராமல் நின்ற சிக்கல்களைத் தொகுத்து எழுதியபோது ‘ஓன்’ அந்தப் பட்டியலில் இருந்தது.

பின்னால் வந்த சி இந்த இரண்டு ஓட்டைகளையும் எப்படி அடைத்தது என்பதைப் பார்த்தால், அதன் விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று புரியும்.

ஃபோர்ட்ரானில் எல்லாமே நிலைதான்

ஃபோர்ட்ரான் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1958இல் வந்த ஃபோர்ட்ரான் இரண்டில் சப்ரூட்டினும் ‘காமன்’ என்ற வசதியும் சேர்ந்தன. ரெகர்ஷன் கிடையாது. அதனால் சப்ரூட்டினின் உள்வேரியபிள்களுக்கும் நிரந்தரமான முகவரி கொடுத்துவிடலாம். ஸ்டாக் தேவையே இல்லை. நடைமுறையில் பல கம்பைலர்களில் எல்லாமே ஸ்டாட்டிக். சப்ரூட்டின் முடிந்ததும் உள்வேரியபிளின் மதிப்பை நம்பாதே என்று 1966 தரவரையறை சொன்னது. ஆனால் பல இடங்களில் மதிப்பு நின்றது. ஜனங்கள் அதை நம்பி எழுதினார்கள். ஃபோர்ட்ரான் 77 வந்தபோது ‘சேவ்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்து, நிற்க வேண்டியதை வெளிப்படையாகச் சொல் என்று முறைப்படுத்தினார்கள்.

‘காமன்’ என்பது பல சப்ரூட்டின்கள் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரு நினைவகப் பகுதி. ஒவ்வொரு சப்ரூட்டினும் ‘இந்தப் பெயருள்ள காமன் எனக்கும் வேண்டும்’ என்று தன்பங்குக்கு எழுதும். யார் சொந்தக்காரர் என்று கிடையாது. லிங்கர் எல்லாவற்றையும் பார்த்து ஒரே இடமாக ஒட்டிவிடும். இந்த ‘காமன்’ ஞாபகத்தில் இருக்கட்டும். 2020 வரைக்கும் இது நம்மோடு வரப்போகிறது.

பி.எல்.ஒன்னில் இரண்டும் தனித்தனி

1960களின் நடுவில் ஐ.பி.எம். உருவாக்கிய பி.எல்.ஒன் மொழியில் நமக்குப் பழக்கமான சொற்கள் வரிசையாக நிற்கின்றன. ‘ஆட்டோமேட்டிக்’, ‘ஸ்டாட்டிக்’, இவற்றோடு ‘கன்ட்ரோல்டு’, ‘பேஸ்டு’ என்று இரண்டு. இவை நான்கும் நினைவகம் எப்போது ஒதுக்கப்படுகிறது என்பதைச் சொல்பவை. இவற்றுக்கு அப்பால் ‘இன்டர்னல்’, ‘எக்ஸ்டெர்னல்’ என்று இன்னொரு ஜோடி: அந்தப் பெயர் உள்ளூரா, வெளியூருக்கும் தெரியுமா என்பதைச் சொல்பவை. தொடக்க மதிப்புக்கு ‘இனிஷியல்’ என்று தனிச்சொல்.

அதாவது, ஆயுளுக்கு ஒரு சொல், பெயரின் வீச்சுக்கு வேறொரு சொல். நமது அட்டவணையில் குழம்பிக் கிடப்பது பி.எல்.ஒன்னில் பிரிந்தே இருந்தது! பெல் லேப்ஸ் பங்கேற்ற மல்டிக்ஸ் என்ற பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் பி.எல்.ஒன்னில்தான் எழுதப்பட்டது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அந்தத் திட்டத்தில் வேலைசெய்தவர்கள். 1969இல் பெல் லேப்ஸ் மல்டிக்ஸிலிருந்து விலகியது.

இன்னொரு பக்கம் கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் பி.சி.பி.எல். என்ற எளிய மொழியை எழுதினார். அதில் தனித்தனியாகக் கம்பைல் செய்த பகுதிகள் ஒன்றோடொன்று பேச ‘குளோபல் வெக்டர்’ என்ற எண்ணிட்ட அடுக்கு இருந்தது. 100ஆம் எண் அறையில் இந்த ஃபங்ஷன், 101இல் அது, என்று புரோகிராமர்களே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஸ்டாட்டிக்’ அறிவிப்பும் அதில் உண்டு. அதற்குத் தொடக்க மதிப்பாக மாறிலி கொடுக்க வேண்டும்.

பி-யில் இரண்டு சொல், சி-யில் நான்கு

மல்டிக்ஸ் போன பிறகு, 18 பிட் சொற்கள் 8000 அளவில் மட்டுமே கொண்ட ஒரு பி.டி.பி.-7 கணினியில் தாம்ப்சன் யூனிக்ஸைத் தொடங்கினார். அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்க பி.சி.பி.எல்லைச் சுருக்கி ‘பி’ என்ற மொழியை எழுதினார். பி-யில் வேரியபிளை அறிவிக்க இரண்டு சொற்கள்: ‘ஆட்டோ’, ‘எக்ஸ்டிரன்’. உள்ளே பிறந்து உள்ளே மறைவது ஆட்டோ. எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே நிரந்தரமாக இருப்பது எக்ஸ்டிரன். பி.சி.பி.எல்லின் எண்ணிட்ட அறைகளுக்குப் பதிலாகப் பெயரை வைத்து லிங்கர் ஒட்டும்.

பி-யில் ஆயுளும் எல்லையும் சேர்ந்தே நடந்தன. நீண்ட ஆயுள் வேண்டுமா, ஊர் முழுக்கத் தெரியும்படி வை. மறைவாக வைக்க வேண்டுமா, குறுகிய ஆயுளோடு இரு. நடுவில் ஒன்றும் இல்லை. அல்கோலின் ‘ஓன்’ சுட்டிக்காட்டிய தேவை திரும்பவும் வாசலில் வந்து நின்றது.

1971 முதல் 1973 வரை ரிச்சி பி-யை சி ஆக மாற்றினார். 1973 கோடையில் யூனிக்ஸ் கெர்னல் சி-யில் மறுபடி எழுதப்பட்டது. 1970களின் நடுவில் வந்த சி கையேடுகளில் நாலு ஸ்டோரேஜ் கிளாஸ்களும் வந்துவிட்டன. அங்கே ‘ஸ்டாட்டிக்’ ஃபங்ஷனுக்குள் வரும் சொல்தான்: உள்ளூர்ப் பெயர், நிலைத்த மதிப்பு. அல்கோலின் ‘ஓன்’ வேலை, பி.எல்.ஒன், பி.சி.பி.எல். மொழிகளில் இருந்த பெயர்.

புரோகிராம்கள் பெரிதாகிப் பல ஃபைல்களாகப் பிரிந்தபோது இன்னொரு தேவை வந்தது. ஒரு ஃபைலுக்குள் பத்து ஃபங்ஷன்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஓர் அட்டவணை, ஆனால் அடுத்த ஃபைலுக்குத் தெரியக் கூடாது. இதற்குப் புதுச்சொல் சேர்க்காமல், இருந்த ‘ஸ்டாட்டிக்’கையே ஃபங்ஷனுக்கு வெளியேயும் போட அனுமதித்தார்கள். 1978இல் கெர்னிகன், ரிச்சி இருவரும் எழுதிய புத்தகம் வந்தபோது இரண்டு அர்த்தமும் அதில் இருந்தன. ஃபங்ஷனுக்கே ‘ஸ்டாட்டிக்’ போட்டு அதை அந்த ஃபைலுக்குள் ஒளித்துவைக்கவும் முடிந்தது.

முதலில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பி.எல்.ஒன் மொழியில் ‘ஸ்டாட்டிக்’, ‘இன்டர்னல்’ என்று இரண்டு சொல்லாக இருந்ததை சி ஒரே சொல்லில் ஏற்றிவிட்டது. ஒருவிதத்தில் பார்த்தால் இரண்டு இடத்திலும் விளைவு ஒன்றுதான்: நீண்ட ஆயுள், குறுகிய எல்லை. எந்தப் பக்கத்திலிருந்து அங்கே வந்து சேர்கிறோம் என்பதுதான் வேறு. உள்ளே இருப்பதற்கு எல்லை ஏற்கெனவே குறுகல், எனவே சொல் ஆயுளை நீட்டுகிறது. வெளியே இருப்பதற்கு ஆயுள் ஏற்கெனவே நீளம், எனவே சொல் வீச்சைச் சுருக்குகிறது. இப்படிப் பார்த்தால் மனப்பாடம் தேவையில்லை.

முதல் மதிப்பு யார் வைப்பது?

அல்கோல் விட்ட முதல் ஓட்டை, தொடக்க மதிப்பு. சி-யின் விதி நேரானது. ஸ்டாட்டிக் ஆயுள் உள்ள பொருளுக்கு நீங்கள் மதிப்புக் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் பூஜ்யம். கொடுப்பது மாறிலியாக இருக்க வேண்டும், அதாவது கம்பைல் செய்யும்போதே அல்லது லிங்க் செய்யும்போதே தெரிந்துவிட வேண்டும். ஒரு ஃபங்ஷனை அழைத்து வரும் விடையைத் தொடக்க மதிப்பாக வைக்க முடியாது.

ஏன் இந்தக் கறார்? ஏனென்றால் அந்த மதிப்பை எந்தக் கட்டளையும் ஓடி வைப்பதில்லை. அது ஃபைலிலேயே இருக்கிறது. கம்பைல் ஆகி வரும் ஃபைலில் கட்டளைகளுக்கு ‘டெக்ஸ்ட்’ என்று ஒரு பகுதி, தொடக்க மதிப்புள்ள பொருள்களுக்கு ‘டேட்டா’ என்று ஒரு பகுதி. புரோகிராமை ஏற்றும்போது டேட்டா பகுதி அப்படியே நினைவகத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். மெயின் ஃபங்ஷனின் முதல் வரி ஓடுவதற்கு முன்னாலேயே மதிப்பு அங்கே இருக்கும்.

தேர்வில் அடிக்கடி வரும் கேள்வியை இதைவைத்துப் பாருங்க. ஒரு ஃபங்ஷனுக்குள் ‘எண்ணிக்கை’ என்ற ஸ்டாட்டிக் வேரியபிளுக்குப் பூஜ்யம் கொடுத்து, அடுத்த வரியில் ஒன்று கூட்டி அச்சிடுகிறோம். மூன்று முறை அழைத்தால் 1, 2, 3 என்று வரும். ஒவ்வொரு முறையும் பூஜ்யம் வைக்கும் வரியைக் கடந்துதானே போகிறோம், ஏன் திரும்பப் பூஜ்யம் ஆகவில்லை? கடந்து போகவே இல்லை. அது ஓடும் வரி இல்லை, கல்வெட்டு. கோயில் கதவு திறப்பதற்கு முன்னாலேயே வெட்டப்பட்டுவிட்டது. களஞ்சியத்தில் நெல் ஏறும், இறங்கும். கல்லில் எழுதிய எண் ஏறாது இறங்காது. புரோகிராமை மூடி மறுபடி ஓட்டினால் களஞ்சியம் திரும்பவும் கல்வெட்டுச் சொன்ன அளவிலிருந்தே தொடங்கும்.

‘ஸ்டாட்டிக்’கை ‘நிலையான’ என்று தமிழில் சொல்லும்போது மதிப்பு மாறாது என்று நினைத்துவிடுகிற குழப்பமும் இங்கேயே தீர்கிறது. நிலைப்பது இடம்தான், மதிப்பு இல்லை. மதிப்பு மாறக் கூடாது என்றால் அதற்கு ‘கான்ஸ்ட்’ என்று வேறு சொல் இருக்கிறது.

பூஜ்யத்துக்கு மட்டும் ஒரு சலுகை. பத்தாயிரம் பூஜ்யங்களை ஃபைலில் எழுதிவைப்பது வீண். ‘இவ்வளவு பைட் இடம் வேண்டும், எல்லாம் பூஜ்யம்’ என்று ஓர் எண்ணை மட்டும் எழுதினால் போதும். இந்தப் பகுதிக்குப் பெயர் பி.எஸ்.எஸ். இது யூனிக்ஸைவிடப் பழைய பெயர், 1950களில் ஐ.பி.எம். 704 கணினிக்கு யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் எழுதிய அசெம்பிளரில் ‘ஒரு குறியீட்டில் தொடங்கும் தொகுதி’ என்ற பொருளில் வந்த கட்டளை. அட்டவணையில் ‘தொடக்க மதிப்பு: பூஜ்யம்’ என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிற விஷயத்துக்குப் பின்னால் இத்தனை வருஷக் கதை இருக்கிறது.

இரண்டாவது ஓட்டையையும் சி எளிதாக அடைத்தது. ஸ்டாட்டிக் அர்ரேயின் அளவு மாறக் கூடாது. ரெகர்ஷனில் எத்தனை அழைப்பு இருந்தாலும் ஸ்டாட்டிக் ஒரே பிரதி. அல்கோலில் விவாதமாக நின்றதை சி ஒரே வரியில் முடித்தது.

அந்தக் காலச் சி-யில் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆட்டோ அர்ரேக்களுக்குத் தொடக்க மதிப்புப் பட்டியல் கொடுக்க 1978 புத்தகத்தின் சி-யில் அனுமதி இல்லை. அதனால் மாதப் பெயர்கள் போன்ற அட்டவணைகளை ஃபங்ஷனுக்குள் வைக்க வேண்டுமென்றால் ‘ஸ்டாட்டிக்’ கட்டாயம். 1989 தரவரையறை அந்தத் தடையை நீக்கியது. பழைய புரோகிராம்களில் காரணமில்லாமல் ‘ஸ்டாட்டிக்’ போட்டிருப்பது போலத் தெரிந்தால், பல நேரம் காரணம் இதுதான்.

காமனின் ஆவி

இப்போது ஃபோர்ட்ரானின் ‘காமன்’ திரும்ப வருகிறது. எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே, தொடக்க மதிப்புக் கொடுக்காமல் ஒரு வேரியபிளை இரண்டு ஃபைல்களில் அறிவித்தால் என்ன ஆகும்? கறாராகப் பார்த்தால் ஒன்று மட்டுமே சொந்தக்காரர், மற்றது ‘எக்ஸ்டெர்ன்’ போட்டுக் கேட்க வேண்டும். ஆனால் யூனிக்ஸ் லிங்கர் இரண்டையும் காமன் மாதிரி எடுத்து ஒட்டிவிடும். ஹெட்டர் ஃபைலில் ‘எக்ஸ்டெர்ன்’ போட மறந்தாலும் வேலை நடந்தது.

1989இல் அமெரிக்கத் தரவரையறையும் 1990இல் அதுவே ஐ.எஸ்.ஓ. தரவரையறையாகவும் வந்தபோது, ஒரு பெயருக்கு ஒரே வரையறை என்றார்கள்; ஆனால் ஒட்டிக்கொடுக்கும் பழக்கத்தைப் பொதுவான நீட்டிப்பு என்று குறிப்பிட்டு விட்டுவைத்தார்கள். 2020 மே மாதம் வெளிவந்த ஜி.சி.சி. 10 தன் இயல்பு நிலையை மாற்றியது: இனி ஒட்ட மாட்டேன், ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் பிழை. பல வருஷமாகச் சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவந்த பழைய புரோகிராம்கள் லிங்க் ஆகும்போது ‘ஒன்றுக்கு மேற்பட்ட வரையறை’ என்று நின்றன. 1958இல் வந்த ஒரு வசதியின் நிழல் 62 வருஷம் கழித்து விலகியது. பழைய சி புரோஜெக்ட் ஒன்று புது லினக்ஸில் இப்படி நின்றால் கம்பைலரைத் திட்டாதீங்க. ஹெட்டரில் ‘எக்ஸ்டெர்ன்’ சேர்த்து, ஒரே ஒரு ஃபைலில் வரையறை வைத்தால் சரியாகிவிடும்.

அந்த 1989 தரவரையறை இன்னொரு நல்ல காரியமும் செய்தது. ஒரு பெயரைப் பற்றி மூன்று தனிக் கேள்விகளை அது பிரித்துவைத்தது. ஸ்டோரேஜ் டியூரேஷன்: பொருள் எவ்வளவு காலம் இருக்கும். ஸ்கோப்: ஒரு ஃபைலுக்குள் பெயர் எங்கிருந்து எங்கேவரை தெரியும். லிங்கேஜ்: வேறு இடத்தில் வரும் அதே பெயர் இதே பொருளைக் குறிக்குமா. வெளியே போடும் ‘ஸ்டாட்டிக்’ உண்மையில் மாற்றுவது ஸ்கோப்பைக்கூட இல்லை, லிங்கேஜை. ஸ்கோப் இரண்டு நிலையிலும் ஃபைல்தான். பாடப்புத்தக அட்டவணைகள் பெரும்பாலும் லிங்கேஜையும் ஸ்கோப்பையும் ஒரே பத்தியில் போட்டுவிடுகின்றன; அங்கேதான் குழப்பம் பிறக்கிறது.

நீண்ட ஆயுளின் விலை

ஓர் இடம், நீண்ட ஆயுள். வசதிதான், ஆனால் விலை உண்டு. சி நூலகத்தின் ‘எஸ்டிஆர்டோக்’ ஃபங்ஷன் ஒரு வாக்கியத்தைத் துண்டுதுண்டாக வெட்டித் தரும். எங்கே விட்டோம் என்பதைத் தனக்குள் நிலைத்த இடம் ஒன்றில் வைத்துக்கொள்கிறது. ஒரு வாக்கியத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவில் இன்னொரு வாக்கியத்தை வெட்டத் தொடங்கினால், முதலாவதின் ஞாபகம் அழிந்துவிடும். ஒரே களஞ்சியத்தில் இரண்டு பேர் கணக்கு வைப்பது மாதிரி. ‘லோக்கல்டைம்’ ஃபங்ஷனும் விடையை ஒரே நிலைத்த இடத்தில் வைத்து அதன் முகவரியைத் தருகிறது. இரண்டாம் முறை அழைத்தால் முதல் விடையின் மேல் எழுதிவிடக்கூடும்.

1970களில் ஒரு புரோகிராமுக்கு ஓர் ஓட்டம்தான். திரெட்கள் வந்ததும் இது பெரிய தொந்தரவாயிற்று. 1995இல் போசிக்ஸ் திரெட் தரவரையறை, ஞாபகத்தை அழைப்பவரே கையில் வைத்துக்கொள்ளும் மாற்று ஃபங்ஷன்களைக் கொண்டுவந்தது. 2011இல் சி மொழியிலேயே திரெட் ஆயுள் என்று புதிதாக ஓர் ஆயுள் சேர்ந்தது: ஒவ்வொரு திரெட்டுக்கும் தனிப்பிரதி, அந்தத் திரெட் இருக்கும்வரை.

சி++ மொழியில் இன்னொரு திருப்பம். ஃபைலுக்கு வெளியே தெரியாமல் வைக்க ‘ஸ்டாட்டிக்’கைப் பயன்படுத்துவது இனி வேண்டாம், பெயரில்லா நேம்ஸ்பேஸ் போடுங்க என்று 1998 தரவரையறை ஒதுக்கிவைத்தது. 2011இல் அந்த ஒதுக்கலையே எடுத்துவிட்டார்கள். வேரூன்றின சொல்லை அவ்வளவு சுலபமாகப் பிடுங்க முடியவில்லை.

கல்லூரி மேசைமேல் உள்ள சின்ன போர்டு

இது எல்லாம் பழங்கதை, இன்னிக்கு எதுக்கு என்று கேட்கிறவர்கள் புரோஜெக்ட்டுக்கு வாங்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டைப் பார்க்கலாம். அதிலுள்ள சிப்பில் ஃபிளாஷ் நினைவகம் 32 கிலோபைட், ஓடும்போது பயன்படும் ராம் வெறும் 2 கிலோபைட். பி.டி.பி. காலத்து நெருக்கடி திரும்ப வந்துவிட்டது.

இங்கே ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது. கல்வெட்டைப் படித்துக் களஞ்சியத்தை நிரப்ப ஆள் வேண்டாமா? மெயினுக்கு முன்னால் ஓடும் ஒரு சின்னத் தொடக்கக் கோடு அந்த வேலையைச் செய்கிறது: ஃபிளாஷிலிருந்து டேட்டா பகுதியை ராமுக்குப் பிரதியெடுக்கும், பி.எஸ்.எஸ். பகுதியைப் பூஜ்யமாக்கும். ஆக, தொடக்க மதிப்புள்ள ஸ்டாட்டிக் அட்டவணை இரண்டு இடத்தை அடைக்கிறது: ஃபிளாஷில் ஒரு பிரதி, ராமில் ஒரு பிரதி. 512 இரண்டு பைட் எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று வைத்தால் ராமில் பாதி காலி. இந்தச் சிப்பில் ‘கான்ஸ்ட்’ மட்டும் போட்டால் போதாது. ஃபிளாஷும் ராமும் தனித்தனி முகவரி வெளிகள் என்பதால் ‘புரோக்மெம்’ என்று குறித்து, அதற்குரிய முறையில் படிக்க வேண்டும். போர்டு காரணமில்லாமல் நின்று நின்று ஓடுகிறது, சென்சார் சரியில்லை என்று மாற்றிப் பார்ப்பவர்கள் முதலில் ஸ்டாட்டிக் பொருள்கள் எவ்வளவு ராமைத் தின்கின்றன என்று பார்ப்பது நல்லது. ஸ்டாக்குக்கு இடமில்லாமல் போனால் இந்தச் சிப் எச்சரிக்காது, சும்மா கெட்டுப்போகும்.

ஆகவே, அடுத்தமுறை ஸ்டோரேஜ் கிளாஸ் பற்றி எழுதச் சொன்னால் நாலு வரிசை அட்டவணையை எழுதுங்க, மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் ஒரு புரோகிராமைக் கையில் எடுக்கும்போது ஒவ்வொரு பெயரையும் பார்த்து நாலு கேள்வி கேளுங்க. இது எவ்வளவு காலம் இருக்கும்? இதன் பெயர் எங்கேவரை தெரியும்? வேறு ஃபைலில் உள்ள அதே பெயர் இதுதானா? முதல் மதிப்பை யார், எப்போது வைக்கிறார்கள்? அல்கோல் கடைசிக் கேள்விக்குப் பதில் வைக்கவில்லை, பி இரண்டாவதை முதலாவதோடு கட்டிப்போட்டது, ஃபோர்ட்ரானின் காமன் மூன்றாவதை லிங்கர் கையில் விட்டது. நாலுக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்ததால்தான் ‘ஸ்டாட்டிக்’ என்ற ஒரு சொல்மேல் இத்தனை பாரம் ஏறியது.